ஷேர் ஆட்டோவை அரசு ஏன் அனுமதிக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை?

கேள்வி இது: "ஷேர் ஆட்டோ சட்டப்படி தவறு என்கிறார்கள். ஆனால் சென்னையில் போக்குவரத்துக் காவலர் நிற்கிற சிக்னலிலேயே ஆள் ஏற்றுகிறார்கள். ஒழுங்காக பர்மிட் கொடுக்கலாம், இல்லாவிட்டால் நிறுத்திவிடலாம். அரசு ஏன் இரண்டையும் செய்யவில்லை?"

நான் சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞன். இந்தக் கேள்வியின் விளைவுகளைத்தான் நீதிமன்றத்தில் தினமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஷேர் ஆட்டோ செய்கிற வேலை ஒன்று, அதன் கையில் இருக்கிற பர்மிட் வேறு. அது செய்கிற வேலைக்கு உரிய பர்மிட்டை சென்னையில் தனியாருக்குக் கொடுக்க அரசு தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு தடுக்கிறது. நிறுத்தினால் மறுநாள் காலையில் பாதி ஊர் வேலைக்குப் போக முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஃபைன் போட்டுக்கொண்டே ஓட விடுவது என்று ஒரு ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது. அந்த ஏற்பாட்டின் செலவு முழுவதும் பயணி தலையில் விழுகிறது. என் வருத்தம் அதுதான்.

முதலில் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வாடகைக்கு ஆள் ஏற்றுகிற வண்டிகளை முக்கியமாக இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று ஸ்டேஜ் கேரியேஜ். ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதற்கான வண்டி, ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம், ஸ்டேஜ் ஸ்டேஜாக ஏற்றி இறக்கலாம். நம் டவுன் பஸ் இதில் வரும். இன்னொன்று காண்ட்ராக்ட் கேரியேஜ். வண்டியை மொத்தமாகப் பேசி எடுத்துக்கொண்டு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது. பேசியவர்களைத் தவிர வேறு யாரையும் வழியில் ஏற்றவோ இறக்கவோ கூடாது. ஆட்டோ, டாக்சி, கல்யாணத்துக்குப் பேசுகிற வேன் எல்லாம் இது. ஏழு முதல் பன்னிரண்டு பேர் வரை ஏற்றுகிற மேக்சிகேபும் இதில்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஷேர் ஆட்டோவாக ஓடுகிற, ஓட்டுநர் போக ஏழு இருக்கை கொண்ட டாடா மேஜிக் வேன் அப்படித்தான் பதிவாகிறது.

வடபழனியிலிருந்து போரூர் போகிற ஒரு மேஜிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விருகம்பாக்கத்தில் ஒருவர் இறங்குகிறார். ஆழ்வார்திருநகரில் ஒருவர் ஏறுகிறார். வளசரவாக்கத்தில் இரண்டு பேர் இறங்கி மூன்று பேர் ஏறுகிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பத்தோ இருபதோ கொடுக்கிறார்கள். இது ஒரு பஸ் செய்கிற வேலை. ஆனால் வண்டியின் பர்மிட்டில் இருப்பது காண்ட்ராக்ட் கேரியேஜ்.

இங்கே சட்டத்திலேயே ஒரு விசித்திரம் உண்டு. மேக்சிகேபும், ஆறு பேர் வரை ஏற்றுகிற மோட்டார்கேபும் ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம் வாங்கினாலும் காண்ட்ராக்ட் கேரியேஜாகவே கருதப்படும் என்று அந்த வரையறையே சொல்கிறது. அப்படியானால் ஷேர் ஆட்டோ தனித்தனியாகக் காசு வாங்குவது மட்டுமே குற்றம் ஆகாது. வழியில் ஏற்றி இறக்குவதுதான் சிக்கல். அதற்கும் இந்த விதிவிலக்கு இடம் கொடுக்கிறதா என்று வாதாடலாம். ஆனால் போக்குவரத்துத் துறைகள் பொதுவாக இல்லை என்றே எடுத்துக்கொள்கின்றன. 2017-ல் கர்நாடகப் போக்குவரத்துத் துறை செயலியில் பிடிக்கிற டாக்சியைப் பலர் பகிர்ந்துகொண்டு போகிற ஓலா ஷேர், ஊபர் பூல் இரண்டையும் நிறுத்தச் சொன்னது இந்தக் காரணத்தால்தான். அன்றைக்கு செல்போன் செயலிக்கு வந்த அதே பிரச்சினைதான் ஷேர் ஆட்டோவுக்கு எப்போதும் இருக்கிறது.

சரி, அப்படியானால் ஸ்டேஜ் கேரியேஜ் பர்மிட்டே கொடுத்துவிடலாமே? வெளி மாவட்டங்களில் தனியார் பஸ் ஓடுகிறதே என்பீர்கள். கோயம்புத்தூரிலும் தஞ்சாவூரிலும் தனியார் டவுன் பஸ் உண்டு. சென்னையில் கிடையாது. இந்த நகரத்தின் பஸ் தடங்களை அரசு 1940-களின் கடைசியிலேயே தன் வசம் எடுத்துக்கொண்டது. 1972 ஜனவரி 1-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது, இன்றைய மாநகர் போக்குவரத்துக் கழகம் அதன் வழியில் வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் ஆறாவது அத்தியாயம் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தனி இடம் கொடுக்கிறது. ஒரு பகுதியை, ஒரு தடத்தை அரசுக் கழகத்துக்கென்று திட்டம் போட்டு அறிவித்துவிட்டால், அந்தத் திட்டம் இடம் தந்தால் ஒழிய வேறு யாருக்கும் அங்கே பர்மிட் தர முடியாது. ஆர்.டி.ஓ. மனசு வைத்தால் முடியும் என்கிற விஷயம் இல்லை இது.

தேசியமயமாக்கியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. லாபம் இல்லாத தடத்திலும் பஸ் ஓடுவதும், கடைசி பஸ் என்று ஒன்று இருப்பதும், மாணவர்களுக்கு இலவச பாஸ் கிடைப்பதும் அதனால்தான். ஆனால் ஊர் தாம்பரத்தையும் பூந்தமல்லியையும் சோழிங்கநல்லூரையும் தாண்டி வளர்ந்த வேகத்துக்குப் பஸ்களின் எண்ணிக்கை வளரவில்லை. அந்த இடைவெளியில்தான் முதலில் விக்ரம், பியாஜியோ அபே, பிறகு 2007-க்கு அப்புறம் டாடா மேஜிக் என்று ஷேர் ஆட்டோ வேரூன்றியது.

நிறுத்தவும் முடியாது என்று சொன்னேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குப் பயணம் இலவசம். அப்படி இருந்தும் காலை எட்டரை மணிக்கு வேளச்சேரியிலோ மூலக்கடையிலோ நின்று பாருங்கள். காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களில் பெண்கள் ஏராளம். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஜவுளிக்கடையில் நிற்கிறவர்கள், மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கிறவர்கள். இலவசம் இருக்கும்போது இருபது ரூபாய் கொடுக்க அவர்களுக்கு என்ன ஆசையா? அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாது, ஐந்து நிமிடம் தாமதமானால் மேஸ்திரியோ சூப்பர்வைசரோ அரை நாள் சம்பளத்தைப் பிடிப்பார். நேரத்துக்குப் போய்ச் சேரத்தான் அந்த இருபது ரூபாய். இவர்களைப் பார்த்து "சட்டவிரோத வண்டியில் ஏறாதீர்கள்" என்று அறிவிப்புப் பலகை வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே ஓட விடுகிறார்கள், கூடவே ஃபைனும் போடுகிறார்கள். 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பர்மிட் நிபந்தனையை மீறி ஓட்டினால் பிரிவு 192ஏ-வின்படி முதல் முறைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் பிரிவு 194ஏ-வின்படி கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் 200 ரூபாய். அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்து இறக்கிவிடாமல் வண்டியை எடுக்கக்கூடாது. ஏட்டில் கடுமையான சட்டம்தான். ஆனால் பத்தாயிரத்தைத் தினமும் போட்டால் வண்டியே தெருவுக்கு வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே எப்போதாவது ஒரு நாள், யாராவது ஒருவருக்கு என்று விழுகிறது. ஓட்டுநருக்கு அது டீசல், ஓனர் வாடகை, ஸ்டாண்டு காசு மாதிரி இன்னொரு செலவு. அந்தச் செலவை ஈடுகட்ட இன்னும் இரண்டு பேரை அடைக்கிறார். கூட்டத்தைக் குறைக்கப் போட்ட அபராதமே கூட்டத்தைக் கூட்டுகிறது.

இனி நான் நேரில் பார்க்கிற பக்கம். ஷேர் ஆட்டோ கவிழ்ந்து காயம்பட்டவர் இழப்பீட்டு மனு போட வரும்போது, காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் பெரும்பாலும் முதலில் தேடுவது ஓட்டுநரின் தவறை இல்லை. எத்தனை பேர் வண்டியில் இருந்தார்கள், மனுதாரர் எங்கே உட்கார்ந்திருந்தார், பர்மிட் என்ன. ஒரு அம்மாவின் வழக்கு. டிரைவருக்குப் பக்கத்தில், அவருடைய சீட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து போனவர். திருப்பத்தில் வெளியே விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசி அந்த இடத்தைப் பற்றித்தான். "அது பயணி உட்காருகிற இடம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார்கள். "எல்லாரும் அங்கதான் சார் உட்காருவாங்க" என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்த இடத்துக்கு பாலிசியில் பிரீமியம் கட்டவில்லை.

2007-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பஸ் விபத்து வழக்கில் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். 42 பேருக்கு அனுமதி உள்ள பஸ், ஏறியிருந்தவர்கள் 90 பேர். காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு 42 பேருக்கு மட்டும்தான் என்றது நீதிமன்றம். வழங்கப்பட்ட இழப்பீடுகளில் பெரிய தொகைகளாக 42-ஐ எடுத்துக் கூட்டி, அந்த மொத்தத்தை நிறுவனம் கட்ட வேண்டும். அதைப் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். மீதியை வண்டி உரிமையாளரிடம்தான் வாங்க வேண்டும். பாலிசி ஏழு பேருக்கு, ஏறியவர்கள் பன்னிரண்டு என்று இருந்தால், ஒழுங்காகப் பின்சீட்டில் உட்கார்ந்தவரின் பங்கும் குறையலாம். மீதிக்காக ஓனரைத் தேடினால், பெரும்பாலும் அவருக்கு அந்த ஒரு வண்டியைத் தவிர சொத்து இருக்காது, அதுவும் ஃபைனான்ஸில் இருக்கும். பர்மிட்டே இல்லாமல் ஓடிய வண்டி என்றால், காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்கிற முறைதான் பெரும்பாலும் பயணியைக் காப்பாற்றுகிறது. அதுவும் உத்தரவாதம் இல்லை, வாதாடித்தான் வாங்க வேண்டும்.

ஆக, அரசு கண்டும் காணாமல் இருப்பதை யாரோ டிரைவருக்குச் செய்கிற சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் அதில் போகிற லட்சக்கணக்கானவர்களின் காப்பீட்டைப் பாதி ஓட்டையாக்கி வைத்திருக்கிறது அது.

இதற்கு வேறு வழி உண்டா என்றால், உண்டு. இதே இக்கட்டில் மாட்டி வெளியே வந்த ஊர் ஹாங்காங். 1967-ல் அங்கே கலவரம் நடந்தபோது பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பர்மிட் இல்லாத சின்ன வேன்கள்தான் ஊரைச் சுமந்தன. வேலைநிறுத்தம் முடிந்த பிறகு அவற்றை ஒழித்துக்கட்ட முடியவில்லை. நம் ஊர் கதைதான். ஆனால் அந்த அரசு 1969-ல் அவற்றுக்கென்று பஸ்ஸும் இல்லாத டாக்சியும் இல்லாத மூன்றாவது ஒரு வகையை உண்டாக்கியது. 14 இருக்கை, நின்றுகொண்டு போகக் கூடாது. 1976-ல் மொத்த வண்டி எண்ணிக்கையை 4,350 என்று நிறுத்தியது. இருக்கையை 1988-ல் 16 ஆகவும் 2017-ல் 19 ஆகவும் கூட்டினார்களே தவிர, வண்டியைக் கூட்டவில்லை.

அதைவிட முக்கியம், 1970-களில் அவர்கள் செய்த அடுத்த காரியம். சிவப்பு மினி பஸ், பச்சை மினி பஸ் என்று இரண்டாகப் பிரித்தார்கள். சிவப்புக்குக் கட்டணக் கட்டுப்பாடு இல்லை, புயல் மழை நாளில் கூட்டிக்கொள்வார்கள். தடை செய்த பகுதிகளைத் தவிர எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். பச்சைக்குத் தடம், கட்டணம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பது எல்லாம் அரசு ஒப்புதலோடு. புதிய தடங்களை வகுத்து, அதில் வண்டி ஓட்டத் தகுதியான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். சிவப்பு வண்டிக்காரர்கள் பச்சைக்கு மாற வழி வைத்தார்கள். இன்று முக்கால்வாசிக்கு மேல் பச்சை. வேகத்துக்குக்கூட 2012-லிருந்து மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாதபடி வண்டியிலேயே கருவி கட்டாயம். ஒரே நாளில் எதையும் தடை செய்யவில்லை. நல்ல வழியைத் திறந்து வைத்து, மாறுகிறவர்களுக்கு அது லாபமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வண்டிக்கு அல்ல, தடத்துக்கு உரிமம் கொடுக்க வேண்டும் என்பதை. வண்டிக்குத் தனித்தனியாக பர்மிட் கொடுத்துவிட்டு, "போய் ஓட்டிக்கொள்" என்றால், ஒவ்வொரு டிரைவரும் முன்னால் போகிற வண்டியை முந்தி அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற நாலு பேரை அள்ளத்தான் பார்ப்பார். அன்றன்றைய வசூலில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. ஒரு தடத்தின் வண்டிகள் எல்லாம் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கோ நிறுவனத்துக்கோ கீழே வந்து, முறை வைத்து ஓடி, வசூலைப் பகிர்ந்துகொண்டால் அந்த ஓட்டம் தேவைப்படாது. தென்னாப்பிரிக்காவில் 1980-களின் கடைசியில் மினிபஸ் டாக்சிகளுக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி பர்மிட்டுகளை வாரி வழங்கினார்கள். தடத்தை யார் பார்த்துக்கொள்வது என்று அரசு முடிவு செய்யாததால் டாக்சி சங்கங்களே துப்பாக்கியோடு அதை முடிவு செய்தன, நிறையப் பேர் செத்தார்கள். நம் நாட்டிலேயே கொல்கத்தாவில் ஆட்டோக்கள் பல வருஷங்களாகக் குறிப்பிட்ட தடத்தில் ஷேர் முறையில் ஓடுகின்றன. எந்த ஆட்டோ எங்கிருந்து எங்கே போகும் என்பது ஊருக்கே தெரியும். குறைகள் இல்லாமல் இல்லை, ஆனால் இந்தியாவில் இது நடக்காது என்று சொல்பவர்களுக்கு அது பதில்.

எண்ணிக்கைக் கட்டுப்பாடும் கத்தி மாதிரிதான், பிடிக்கிற விதத்தில் பிடிக்க வேண்டும். டெல்லியில் 1997-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் ஆட்டோக்களுக்கு உச்சவரம்பு வந்தது. 2011-ல்தான் அது ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வண்டி விலையைவிட பர்மிட் விலை ஏறிப்போய், ஃபைனான்ஸ்காரர்கள் கையில் பர்மிட்டுகள் குவிந்தன. ஓட்டுகிறவர் வாடகைக்கு ஓட்டினார். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால், உரிமத்தை விற்கவோ மாற்றவோ முடியாதபடி, காலக்கெடுவோடு கொடுக்க வேண்டும்.

நம் மாநிலத்தின் சொந்தப் பாடம் மினி பஸ். 1997-ல் கிராமங்களுக்காக அந்தத் திட்டம் வந்தது. தடம் 20 கி.மீ., அதில் 16 கி.மீ. பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டும், பஸ் ஓடுகிற சாலையில் 4 கி.மீ.தான். எண்ணம் நல்லது, அரசு பஸ்ஸோடு போட்டி வரக்கூடாது. ஆனால் கிராமத்து ஆளுக்குப் போக வேண்டியது தாலுகா மருத்துவமனைக்கோ பஸ் நிலையத்துக்கோ. மினி பஸ் அதற்கு முன்பே திரும்பிவிட்டால் அவர் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அதற்கு அவர் பைக்கிலேயே போய்விடுவார். டீசல் விலை ஏறியது, கட்டணம் ஏறவில்லை, பல தடங்களில் வண்டி நின்றுபோனது. 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைத்த புதிய மினி பஸ் திட்டம் தட நீளத்தைக் கூட்டியிருக்கிறது. நல்லதுதான். அரசு பஸ்ஸைப் பாதுகாக்கிறேன் என்று தடத்தைப் பயனில்லாமல் வெட்டினால் பயணியும் போவார், ஓட்டுகிறவரும் போவார் என்பதை ஷேர் ஆட்டோ விஷயத்திலும் மறக்கக் கூடாது.

கட்டணத்திலும் அப்படியே. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: ஏழு இருக்கை, சராசரியாக ஆளுக்குப் பதினைந்து ரூபாய் என்றால் டிரிப்புக்கு 105 ரூபாய். போக்குவரத்து நெரிசலில் முக்கால் மணி நேரம் ஆகிற தடத்தில் அது டீசலுக்கும் வாடகைக்கும் போக என்ன மிஞ்சும்? பன்னிரண்டு பேரை ஏற்றினால்தான் கட்டுபடியாகும் என்கிற கட்டணத்தை வைத்துக்கொண்டு ஏழு பேர்தான் ஏற வேண்டும் என்று விதி போட்டால், அந்த விதி மீறப்படும் என்று போட்டவர்களுக்கே தெரியும். ஏழு பேரோடு ஓடினால் டிரைவர் வீட்டுக்குச் சம்பாத்தியத்தோடு போகிற மாதிரி கட்டணம் இருக்க வேண்டும், அது கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. மலிவாகப் போக நினைப்பவருக்கு பஸ் இருக்கிறது, அதை அதிகப்படுத்துவது அரசின் கடமை.

இதற்கெல்லாம் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட வேண்டுமா? வேண்டாம். பலர் கவனிக்காத ஒன்று இது. 2019 திருத்தத்தில் பிரிவு 67-இல் மூன்றாம் உட்பிரிவு ஒன்றைச் சேர்த்தார்கள். இந்தச் சட்டத்தில் வேறு எது சொல்லப்பட்டிருந்தாலும், மாநில அரசு அரசிதழில் அறிவித்து எந்த பர்மிட்டையும் மாற்றியமைக்கலாம், பயணிகள் போக்குவரத்துக்குத் தனித் திட்டம் வகுத்து அதன்கீழ் உரிமம் கொடுக்கலாம். எதற்காக என்ற பட்டியலில் கடைசி மைல் இணைப்பு, கிராமப் போக்குவரத்து, நகரப் போக்குவரத்தை மேம்படுத்துவது, சாலைப் பாதுகாப்பு எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஹாங்காங் 1969-ல் உண்டாக்கிய அந்த மூன்றாவது வகையை உண்டாக்குகிற அதிகாரம் இன்று தலைமைச் செயலகத்தின் கையிலேயே இருக்கிறது. சென்னையைப் பொறுத்தவரை எந்தத் தடத்துக்கு எத்தனை வண்டி தேவை என்று கணக்கிட ஓர் அமைப்பும் உண்டு. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், அதாவது கும்டா. அதற்கான சட்டம் 2010-ல் வந்தது, முதல் கூட்டம் 2022 நவம்பரில் நடந்தது. மெட்ரோ நிலையத்திலிருந்து குடியிருப்புகளுக்குள் போகிற குறுந்தடங்களை அது வகுத்துக் கொடுத்தால், முதலில் அவற்றில் தொடங்கலாம்.

எதிர்ப்பு வரும். ஷேர் ஆட்டோ பஸ் ஸ்டாப்பை அடைத்துக்கொண்டு நிற்கிறது, பஸ் நடுரோட்டில் நிற்க வேண்டியிருக்கிறது என்று பஸ் ஓட்டுநர்கள் சொல்வது நூறு சதவீதம் உண்மை. அதற்கு ஸ்டாப்பிலிருந்து தள்ளித் தனி இடம் குறிக்க வேண்டும். அங்கே நிற்காத வண்டியின் தட உரிமத்துக்கே ஆபத்து என்றால் பிற வண்டிக்காரர்களே அவரைக் கண்டிப்பார்கள். இன்று இழப்பதற்கு உரிமம் என்று ஒன்று இல்லாததால்தான் யாரும் யாருக்கும் பயப்படுவதில்லை. பஸ் கழகத்தின் வருமானம் போய்விடும் என்ற வாதத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. போகிற வருமானம் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது. தடம் எழுத்தில் வந்தால், எங்கே போட்டி, எங்கே இணைப்பு என்று பிரித்துப் பார்க்கவாவது முடியும்.

திட்டம் வரும்வரை நீங்கள் ஷேர் ஆட்டோவில் போகத்தான் போகிறீர்கள். டிரைவர் சீட்டின் ஓரத்தில் மட்டும் உட்காராதீர்கள், ஒரு வண்டி விட்டு அடுத்ததில் ஏறுங்கள். விபத்து நடந்துவிட்டால் வண்டி எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது, நீங்கள் அந்த வண்டியில் பயணியாகப் போனவர் என்றும் வண்டி எண் இன்னது என்றும் எழுதச் சொல்லுங்கள். பலர் வலியில் "கீழே விழுந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள், பிறகு அந்த ஒரு வரியை வைத்தே வழக்கை உடைக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையில் காயம்பட்டவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி. அதை எதிர்த்து வழக்குகள் போயிருக்கின்றன என்று யாராவது சொன்னாலும் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள், ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.